மக்கர் பண்ணுது ஷட்டர்... எவ்வளவு எடுத்து வைக்கணும்?

கார் வாங்கக் கடன் தருகிறேன் என்று தினம் நாலு பேர் போன் பண்ணுகிறார்கள். ஓட்டச் சொல்லித்தரத் தெருவுக்குத் தெரு டிரைவிங் ஸ்கூல். ஆனால், அந்தக் காரை நிறுத்துகிற ஷெட்டின் ஷட்டர் ஒருநாள் காலையில் முழங்கால் உயரத்தில் நின்றுகொண்டு, ‘ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன்’ என்று சத்தியாக்கிரகம் பண்ணினால் என்ன செலவாகும் என்று மட்டும் எந்த மகானுபாவரும் சொல்லித் தருவதில்லை. வந்து பார்க்கிற ஆள் வாயில் வருவதுதான் விலை!

காரைக்காலில் இந்த விவகாரம் கொஞ்சம் விசேஷம். ஊர் மொத்தமும் சுமார் 160 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மற்றபடி சுற்றிலும் தமிழ்நாடு. இருக்கிற இடத்துக்குள் வீடு கட்டுகிறவர் என்ன செய்வார்? கீழே பத்தடி அகலத்தில் ஷட்டர் போட்ட ஷெட், மேலே குடித்தனம். இன்றைக்கு அதில் மாருதி நிற்கும். பையனுக்கு வேலை கிடைக்காவிட்டால் நாளைக்கு அதுவே செல்போன் கடை. தீர்க்கதரிசனம்! பாரதியார் வீதி, காமராஜர் சாலை, திருநள்ளார் ரோடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஷட்டர்தான் ஊர்.

இதில் இன்னொரு ரகமும் உண்டு. வீட்டுக்காரர் குடும்பத்தோடு பிரான்ஸில் இருப்பார். வீடு இங்கே பூட்டிக் கிடக்கும். வருஷத்துக்கு ஒருமுறை, மாங்கனித் திருவிழாவுக்கோ தங்கச்சி மகள் கல்யாணத்துக்கோ வந்து இறங்கி, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஷட்டரில் கை வைப்பார். அது அசையாது. பாரீஸிலிருந்து காரைக்கால் வரை வந்தவருக்கு, வாசலிலிருந்து ஷெட்டுக்குள் போக வழியில்லை!

நான் இந்த ஆராய்ச்சியில் இறங்கக் காரணம் என் ஆபீஸ் நண்பர். (பெயர் வேண்டாம். அவர் மனைவியும் இந்தப் பத்திரிகை படிக்கிறவர்.) அவர் வீட்டு ஷட்டர் பத்தடிக்கு எட்டடி. திடீரென்று ஒருநாள் தூக்க முடியாத கனம். மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். முதல் ஆள், ‘‘எண்ணெய் விட்டு சேனலைத் தட்டிக் குடுத்தாப் போதும் சார், 800 ரூபாய்’’ என்றார். இரண்டாமவர், ‘‘ஸ்பிரிங் போயிடுச்சு, 4,000 ஆகும்’’ என்றார். மூன்றாமவர் ஷட்டரை மேலும் கீழும் பார்த்து, கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்து, ‘‘இது தேறாது சார். புதுசா மாத்திடுங்க. 28,000-ல முடிச்சுத் தர்றேன்’’ என்றார்.

ஒரே நோயாளி, மூன்று டாக்டர். ஒருத்தர் தைலம் தடவச் சொல்கிறார், ஒருத்தர் ஊசி போடச் சொல்கிறார், ஒருத்தர் தகனத்துக்கே ஏற்பாடு பண்ணுகிறார்!

நண்பர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஒரு பாயிடம் போனேன். இந்தத் தொழிலில் முப்பது வருஷத்துக்கு மேல் ஊறியவர். ‘‘நம்ம பேரைப் போட்டுராதீங்க தம்பி. அப்புறம் சொந்தக்காரன் எல்லாம் ஓசியில பாக்கச் சொல்லி வந்துருவான்’’ என்ற நிபந்தனையின் பேரில் பேசினார்.

‘‘ஷட்டர்ல மொத்தமே அஞ்சாறு சமாச்சாரம்தான் தம்பி. எது போச்சுன்னு தெரிஞ்சா விலை தானா தெரிஞ்சிரும். தெரியலைன்னா, எவன் சொல்றதும் விலைதான்!’’

மேலே ஒரு உருண்டைக் குழாய். அதற்குள் ஸ்பிரிங்குகள், சாதாரண வீட்டு ஷட்டருக்கு இரண்டோ மூன்றோ. குழாயில் சுருண்டு இறங்குவது பட்டைகள், ஒன்றோடொன்று கொக்கி போட்ட மாதிரி. இரண்டு பக்கமும் அந்தப் பட்டைகள் ஓடுகிற சேனல். அடியில் கனமான பாட்டம் பிளேட். அப்புறம் பூட்டு. அவ்வளவுதான். பெரிய ஷட்டராக இருந்தால் பால் பேரிங், அதைவிடப் பெரிதானால் கியரும் சங்கிலியும் சேர்ந்துகொள்ளும்.

நண்பர் வீட்டு அளவுக்கு, கெட்டித் தகட்டில் அடித்த ஷட்டர் நூறு கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அதை நம் வீட்டு அம்மா ஒரு கையால் தூக்குகிறாரே, எப்படி? தூக்குவது அம்மா இல்லை, ஸ்பிரிங். கீழே இழுக்கும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொள்கிறது. மேலே தள்ளும்போது அந்த முறுக்கு நமக்குக் கூலி வாங்காமல் வேலை செய்கிறது.

பாய் ஒரு பரீட்சை சொன்னார். நான் நாலைந்து வீட்டில் செய்து பார்த்தேன், கச்சிதமாக இருக்கிறது. ஷட்டரைப் பாதி உயரத்துக்குத் தூக்கி மெதுவாகப் பிடியைத் தளர்த்துங்கள். கால் விரலைத் தள்ளி வைத்துக்கொண்டுதான்! அப்படியே நின்றால் ஸ்பிரிங் திடகாத்திரம். தானாக இறங்கினால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. என்றைக்காவது ‘டங்’ என்று சத்தம் கேட்டு, மறுநாளிலிருந்து கனமாகிவிட்டதா? ஒரு ஸ்பிரிங் உடைந்துவிட்டது. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் பின்தங்கினால் பட்டை நகர்ந்திருக்கிறது அல்லது சேனல் வளைந்திருக்கிறது. ஒழுங்காகத்தான் ஏறுகிறது, ஆனால் தெருவே எழுந்திருக்கிற மாதிரி கத்துகிறது என்றால் வெறும் துருவும் வறட்சியும்தான்.

இப்போது விலைக்கு வருவோம். நான் காரைக்காலிலும் நாகப்பட்டினத்திலும் விசாரித்ததில் கிடைத்தவை இவை. ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை முன்னே பின்னே இருக்கும்.

கத்துகிற ஷட்டருக்குச் சுத்தம் பண்ணி, சேனலை நிமிர்த்தி, எண்ணெய் விட 500-லிருந்து 1,000 ரூபாய். ஒரு ஸ்பிரிங் 800-லிருந்து 1,500. இறக்கி ஏற்றும் கூலி தனியாக 1,000, 1,500. இரண்டு ஸ்பிரிங் மாற்றினால் எல்லாம் சேர்த்து 2,600-க்கும் 4,500-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ‘ஒன்றுதானே உடைந்தது, ஒன்றை மட்டும் மாற்றுங்கள்’ என்று சிக்கனம் பேசுகிறவர்கள் உண்டு. ஒரே நாளில் மாட்டிய ஜோடி ஒரே அளவு உழைத்திருக்கும். மற்றது அடுத்த மாதம் உடைந்தால் மறுபடியும் ஏற்றி இறக்கும் கூலி. அதனால் ஜோடியாகவே மாற்றிவிடுவது லாபம். அடிபட்ட பட்டையை மாற்ற, பட்டைக்கு 300-லிருந்து 600. உப்பில் அரித்த பாட்டம் பிளேட் 1,500-லிருந்து 2,500. பூட்டு 400-லிருந்து 1,000. சேனல் இரண்டு பக்கமும் புதிதாக வைத்தால், சுவரை உடைத்துப் பூசுகிற கொத்தனார் கூலியை மறந்துவிடாதீர்கள். ஷட்டர்காரர் அதைச் சொல்ல மாட்டார். அது அவர் பாக்கெட் இல்லை!

நண்பர் வீட்டில் பாய் ஏணி போட்டு ஏறினார். அஞ்சு நிமிஷம். இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று இரண்டு துண்டாகக் கிடந்தது. பட்டைகளில் ஒரு கீறல் இல்லை. முடிவில் ஆன செலவு 3,850 ரூபாய். 28,000 சொன்னவர் சொன்னது பொய் என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது; புது ஷட்டர் போட்டாலும் பிரச்னை தீரத்தான் செய்யும். தலைவலிக்குத் தலையை மாற்றுகிற மாதிரி.

‘‘நாமளே யூடியூப் பாத்து ஸ்பிரிங்கை மாத்திட்டா என்ன பாய்?’’ என்று கேட்டேன். பாய் பதில் சொல்லவில்லை. இடது கையைக் காட்டினார். நடுவிரல் நுனி இல்லை.

உடையாத ஸ்பிரிங்கில் முறுக்கு அப்படியே சேர்ந்து கிடக்கும். குழாயைக் கம்பி போட்டு அணைத்து நிறுத்தாமல் நட்டைக் கழற்றினால் மொத்தக் குழாயும் பம்பரமாகச் சுற்றும். கையில் பிடித்திருக்கிற இரும்பு எந்தத் திசையில் போகும் என்று அதற்கே தெரியாது. எண்ணெய் விடுங்கள், கூட்டுங்கள், பூட்டை மாற்றுங்கள். ஏணியில் ஏறி ஸ்பிரிங்கில் மட்டும் கை வைக்காதீர்கள் பிரதர்ஸ். மிச்சமாகும் ஆயிரம் ரூபாயை எண்ண விரல் வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே ஷட்டர் கிடையாது. பலகை பலகையாக மடிந்து கூரைக்கடியில் போய்ப் படுக்கிற கதவு. 1921-ல் சி.ஜி. ஜான்சன் என்பவர் கொண்டுவந்தது. 1926-ல் அதற்கு மின்சார மோட்டாரும் அவரே வைத்தார். அந்தக் கதவையும் தூக்குவது ஸ்பிரிங்தான். வழக்கமான ஸ்பிரிங்குக்கு அவர்கள் சொல்லும் ஆயுசு பத்தாயிரம் தடவை. ஏறி இறங்கினால் ஒரு தடவை. ஆபீஸ் போக ஒன்று, திரும்பி வர ஒன்று என்று கணக்குப் போட்டால் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் வரும். ஆபீஸுக்கும் போய், காய்கறிக்கும் போய், மச்சான் வந்தால் அவர் பைக்கையும் உள்ளே விடுகிற வீட்டில் அதில் பாதிதான். நம் ஊர் ஸ்பிரிங் யார் செய்தது என்றே பல சமயம் தெரியாது என்பதால் இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

ரிப்பேரைத் தள்ளிப் போடுவதில் உள்ள வம்பை நான் திருமலைராயன்பட்டினத்தில் என் மாமா வீட்டில் பார்த்தேன். ஐப்பசி அடைமழை. ராத்திரி ஒன்றரை மணிக்கு அத்தைக்கு மூச்சுத் திணறல். கார் ஷெட்டுக்குள். ஷட்டர் ஆறு மாசமாகவே ‘கனமா இருக்கு, பாக்கணும்’ என்ற நிலையில் இருந்தது. அன்றைக்கு மாமா இழுத்த இழுப்பில் மேலே ‘டங்’. அப்புறம் ஒரு அங்குலம் அசையவில்லை. மாமாவும் நானும் தோள் கொடுத்தோம், ஊஹூம். தெருக்கோடியில் விழித்திருந்த மீன்பிடிக்கிற பையன்கள் நாலு பேர் ஓடிவந்தார்கள். வலை இழுத்துப் பழகிய கை. ‘‘ஐலசா’’ போட்டு இடுப்பு வரை தூக்கி, ஆளுக்கொரு சவுக்குக் கழியை அடியில் முட்டுக் கொடுத்து, மறுபடி தூக்கி, மறுபடி முட்டு. கார் வெளியே வர இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் அத்தை திண்ணையில் உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. நல்லவேளை, ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலு நாளில் தேறி வந்துவிட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஷட்டர்காரர் ஒருவர் வந்தார். இரண்டு ஸ்பிரிங், 7,000 என்றார். ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு, ‘‘அவசர வேலையாச்சே சார்’’ என்றார். மாமா நிதானமாகச் சொன்னார்: ‘‘தம்பி, அவசரம் நேத்து ராத்திரியே முடிஞ்சு போச்சு. நீ சாதா வேலைக்கு என்ன சொல்றே?’’

4,200-ல் முடிந்தது.

நிஜமாகவே ராத்திரி கூப்பிட்டால் கூலி ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ கேட்பார்கள். அது நியாயம்தான், அவரும் மனுஷன், அவருக்கும் தூக்கம் உண்டு. ஆனால் கூலிதான் இரட்டிக்க வேண்டும். ஸ்பிரிங் விலை ராத்திரியில் ஏறாது. அதனால் சாமான் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பிரான்ஸில் வீட்டு ரிப்பேருக்கு வருகிறவர் வேலையைத் தொடுமுன் செலவு மதிப்பீட்டை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் காரைக்காலை விட்டுப் போனபோது என்னென்னவோ விட்டுவிட்டுப் போனார்கள். இந்தப் பழக்கத்தையும் விட்டுப் போயிருக்கலாம்!

பில் என்றதும் இன்னொன்று. 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால், பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா பாருங்கள். காரைக்கால்காரர் எண் 34-ல் தொடங்கும், நாகையிலிருந்து வருகிறவர் எண் 33-ல். எண்ணே இல்லாத சின்ன மெக்கானிக் அந்த வரியை உங்களிடம் வாங்க முடியாது. ‘காரைக்கால்னா சாமான் விலை கம்மியாச்சே’ என்று வெளியூர் சம்பந்தி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதே இரும்பு விஷயத்தில் அந்த மகிமை போயிற்று. பெட்ரோலும் பிராந்தியும் அதற்கு வெளியே நிற்கின்றன. அவற்றால் ஷட்டர் ஓடாது.

உள்ளூர் மாவட்டங்களில் ஒரு ஷட்டர் பதினைந்து வருஷம் தாங்கினால், நம் கரையில் ஏன் ஏழெட்டு வருஷத்தில் பாட்டம் பிளேட் அப்பளமாகிறது? உப்புக் காற்று. வெளியூரில் காரைக்கால் என்று சொன்னால், ‘‘ஓ, செட்டிநாடா?’’ என்று காரைக்குடியை நினைத்துக்கொள்வார்கள். வேடிக்கை என்னவென்றால், துருவைப் பற்றி ஆராய்வதில் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பது அந்தக் காரைக்குடியில். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டியது. ஆராய்ச்சி அங்கே, துரு இங்கே!

துருவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மழை படுகிற வெளிப்பக்கத்தைவிட மழை படாத மறைவிடம்தான் சீக்கிரம் அரிக்கும். வெளியில் படியும் உப்பை மழை கழுவிவிடுகிறது. சேனல் இடுக்கிலும், அடிப்பிளேட்டின் உள்பக்கத்திலும், மேலே சுருளுக்குள்ளும் படிந்த உப்பைக் கழுவ யாரும் இல்லை. பிரான்ஸ்காரர் வீட்டு ஷட்டர் அசையாமல் போவது இதனால்தான். பாய் சொல்கிற வைத்தியத்துக்குக் காசே கிடையாது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஒரு பக்கெட், பழைய துணி, காயவிட்டபின் சேனலில் மெழுகுவர்த்தியை நாலு இழுப்பு. கிரீஸை அப்பாதீர்கள், கடல் மணல் அதில் ஒட்டி உப்புத்தாள் ஆகிவிடும். பொங்கலுக்குப் பொங்கல் பெயிண்ட் மேல் பெயிண்டாக அடிப்பதும் கெடுதல். பட்டைகளின் மடிப்பில் பெயிண்ட் அடைத்து, சுருள மறுக்கும். வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும். அங்கே மட்டும் அன்றைக்கே பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். ‘‘நாளைக்கு வந்து அடிக்கிறேன் சார்’’ என்பவர் நாளைக்கு வர மாட்டார்.

சேனலுக்கு இன்னொரு எதிரி புயல். 2008 நவம்பர் 27-ல் ‘நிஷா’ காரைக்காலுக்குச் சற்று வடக்கே கரையேறியது. 2018 நவம்பர் 16-ல் ‘கஜா’ நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் வந்தது. அகலமான ஷட்டரைக் காற்று உள்பக்கம் தள்ளினால் நடுவில் வயிறு வைத்து, இரண்டு ஓரமும் சேனலை விட்டு வெளியே வந்துவிடும். பட்டை ஓரங்களில் காற்றுக்குப் பிடிமானமாகக் கொக்கி வைத்துத் தருவார்கள். கடலோர வீட்டுக்கு அதற்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை.

உண்மையிலேயே தேறாத ஷட்டர்களும் உண்டு. பட்டைகளில் நாலில் ஒரு பங்கு ஓட்டையாகிவிட்டால் தைத்துப் பிரயோஜனம் இல்லை. புது ஷட்டர் சதுர அடி 220-லிருந்து 350 வரை சொல்கிறார்கள். பத்துக்கு எட்டு, 80 சதுர அடி; 17,600-லிருந்து 28,000 என்று மனக்கணக்குப் போட்டுவிட்டு உட்காராதீர்கள். மேலே சுருள்கிற பகுதிக்கென்று உயரத்தில் ஒரு அடி கூட்டி 90 சதுர அடிக்குப் பில் வரும். சதுர அடி 300 என்றால் வித்தியாசம் 3,000 ரூபாய். அளவு எப்படி எடுக்கிறார் என்று முதலிலேயே கேட்டுவிட்டால் சண்டை இல்லை. அப்புறம் கேஜ். 18, 20, 22 என்பார்கள். பி.எஃப். வட்டி மாதிரி எண் கூடினால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. எண் கூடக் கூடத் தகடு மெலியும்! அதோடு துத்தநாகப் பூச்சு எத்தனை கிராம் என்றும் கேளுங்கள். சதுர மீட்டருக்கு 120 கிராம் பூசியதும் உண்டு, 275 கிராம் பூசியதும் உண்டு. கடலோரத்துக்கு இரண்டாவது.

பழைய ஷட்டரை, ‘‘குப்பை சார், நாங்களே எடுத்துட்டுப் போயிடறோம்’’ என்று கரிசனமாகச் சொல்வார்கள். அது எண்பது, தொண்ணூறு கிலோ இரும்பு. காயலான் கடையில் கிலோவுக்கு 25 ரூபாய் போட்டாலும் 2,000. பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக மோட்டார். ரிமோட்டை அழுத்தினால் ஷட்டர் ஏறுகிற சுகத்துக்கு, மாட்டுகிற கூலியோடு 15,000-லிருந்து 30,000 வரை. இருக்கிற ஷட்டர் கோணலாக ஓடினால் முதலில் அதைச் சரிபண்ணிவிட்டுத்தான் மோட்டார். இல்லாவிட்டால் மோட்டார் அந்தக் கோணலையும் சேர்த்து இழுத்து, சீக்கிரமே கருகும். கரண்ட் இல்லாதபோது கையால் ஏற்றச் சங்கிலி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் எத்தனையோ ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அந்தச் சங்கிலியை எப்படி இழுப்பது என்று வீட்டில் அத்தனை பேருக்கும் காட்டி வையுங்கள், பாட்டி உட்பட.

கிளம்பும்போது பாயிடம் கேட்டேன்: ‘‘உங்க வீட்ல என்ன கேஜ் பாய்? மோட்டாரா, கையா?’’

‘‘நம்ம வீட்ல ஷட்டரே கிடையாது தம்பி’’ என்றார். ‘‘மரக்கதவுதான். வாப்பா காலத்துல போட்டது. இன்னும் ஒரு கீல் கூட மாத்தல.’’